மெஜாரிட்டிக்குப் பிடித்த பாலைவனம்

எதிர்வீட்டு மாமாவிடம் "காப்பியா, டீயா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், "என்ன போட்டிருக்கீங்களோ அது" என்பார். "இன்னும் ஒன்னும் போடல மாமா, நீங்க சொன்னாத்தான் அடுப்பையே பத்தவைப்பேன்" என்றால், "உங்களுக்கு எது சுலபமோ அது" என்பார். எங்கள் அம்மா ஒரு முறை விடாப்பிடியாக, "எனக்கு ரெண்டும் சுலபந்தான்" என்று கையில் பாத்திரத்தோடு நின்றாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சுடுதண்ணி இருக்கா?" என்றார்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். ஆகவே அவர் சொல்தா மாமா. அவர் மனைவி எனக்கு அத்தை. ரத்த உறவெல்லாம் கிடையாது. எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவே ஒரு ஆட்டோ திரும்புகிற அகலம், அவ்வளவுதான் உறவு. மாமா நல்ல உயரம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாயாது. சட்டையில் மேல் பித்தான் வரை போட்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு, இவர் ஒரு சொல் சொன்னால் வீடே நடுங்கும் என்று தோன்றும். அந்த உடம்பிலிருந்து "எனக்கு இது வேணும்" என்கிற வாக்கியம் மட்டும் வெளியே வந்ததே இல்லை.

அத்தை இதற்கு எதிராகப் பல யுத்தங்கள் நடத்தினாள். ஒரு நாள் காப்பி, டீ இரண்டையும் போட்டு முன்னால் வைத்துவிட்டு, எதை முதலில் எடுக்கிறார் என்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். மாமா இதில் பாதி, அதில் பாதி குடித்துவிட்டு எழுந்து போனார். அத்தை அந்த இரண்டு டம்ளரையும் கொண்டுவந்து எங்கள் அம்மாவிடம் காட்டினாள். "பாரு, ரெண்டுலயும் ஒரே மட்டம். இந்த ஆள வச்சிக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் பண்றது?"

சலூனில் ஒரு தடவை புதிதாக வந்த பையன், "எப்படி வெட்டணும் சார்?" என்று கேட்டிருக்கிறான். மாமா, "உங்க இஷ்டம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவன் தன் இஷ்டப்படியே செய்தான். காதுக்கு மேலே வழுவழுவென்று வழித்து, உச்சியில் மட்டும் ஒரு புதர். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலையோடு சர்ச்சில் பூசைக்குப் போய் முதல் வரிசையில் நின்றார். அத்தை மூன்றாவது வரிசையில் நின்றாள், யாரோ போல.

இனிமேல்தான் டப்பா.

எங்கள் தெருவில் இருந்தபடியே பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு போடுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். மாமா அந்தத் தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் உதவிக்கு உட்காருவார். அந்தத் தேர்தல் இரண்டு சுற்று. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முன்னால் நிற்கும் இருவரை மட்டும் வைத்து மறுபடி ஓட்டு. ஒருவர் பெட்டியில் போட்டதும் மேசையில் இருப்பவர் உரக்க "ஆ வோத்தே!" என்று அறிவிக்க வேண்டும், ஓட்டு போட்டாச்சு என்று பொருள். மாமாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அல்லது மிகவும் வசதியாக இருந்தது. வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

பெட்டி என்பது மூடியில் கீறல் போட்ட ஒரு பிஸ்கட் டப்பா. சீட்டு கிடையாது, பருப்புதான். ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் என்றால் துவரை, கறி என்றால் மொச்சை, கோழி என்றால் கொண்டைக்கடலை. ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய், மூடிய கையோடு திரும்பிவந்து, கீறலுக்குள் போட வேண்டும். மாமா நிமிர்ந்து நின்று "ஆ வோத்தே!" என்பார். ரகசிய வாக்கெடுப்பு என்று பெயர். ஆனால் கொண்டைக்கடலை தகரத்தில் விழுகிற சத்தமே வேறு. "யாரு கோழி? செல்வமா?" என்று அத்தை உள்ளேயிருந்தே கேட்பாள். எண்ணி முடித்த பருப்பை அவள் வீணாக்கவும் மாட்டாள். முந்தின நாள் ஜனநாயகம் மறுநாள் குழம்பில் வேகும்.

வாக்காளர்கள் நான்கு பேர். அத்தை, மாடி அறையில் இருந்துகொண்டு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்கிற கம்பெனிக்குப் போய்வந்த அவள் தம்பி செல்வம் அண்ணன், மகன் எத்தியேன் அண்ணன், மகள் சிசிலி அக்கா. நான்கு பேர் என்றால் இரண்டு இரண்டாகப் பிரிவார்கள்; பிரிந்தார்கள். பிரிந்ததும் எல்லோரும் மாமாவைப் பார்ப்பார்கள்.

"தேர்தல் நடத்தறவன் ஓட்டு போடக் கூடாது" என்பார் மாமா.

"பிரான்ஸ்ல போடுவாங்க பப்பா" என்பார் எத்தியேன் அண்ணன்.

"இது பிரான்ஸ் இல்ல."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கு இரண்டு, கோழிக்கு இரண்டு என்று தேர்தல் மாட்டிக்கொண்டபோது, மாமா தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். "மத்மொசேல், ஒரு நிமிஷம் வா" என்று என்னைக் கூட்டிப்போனார். சின்னப் பெண்களைக்கூட அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார். நான் ஒரு கொண்டைக்கடலை போட்டேன். "ஆ வோத்தே!" என்று எனக்காக ஒரு குரல் எழுந்ததில் உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டின் ஐந்தாவது வாக்காளர் நான்தான். என் சொந்த வீட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. அம்மா வைத்ததுதான் சாப்பாடு. ஒரு பருப்பைத் தன் கையால் போடுவதைவிடத் தெருவிலிருந்து ஒரு வாக்காளரை இறக்குமதி செய்வது அவருக்குச் சுலபமாக இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும் ஓட்டுதான். ரோஸ் நிறம் ஜெயித்தது. நானும் ரோஸுக்குத்தான் போட்டேன், எட்டாம் வகுப்பு, வேறு எதற்குப் போடுவேன்? பூசி முடித்த அன்று மாமா எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது.

"பிடிச்சிருக்கா மாமா?"

"மெஜாரிட்டிக்குப் பிடிச்சிருக்கு."

அவ்வளவுதான். கோபம் இல்லை, வருத்தம் இல்லை. நல்ல மழைக்கு அப்புறம் வானத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி என்று அத்தையைக் கேட்டிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஒரு கெடு கொடுத்தார்களாம். மாமாவின் அப்பா யாரையும் கேட்காமல் ஒரு நாள் காலையில் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாராம். பெரியப்பா வீடு எழுதிக்கொடுக்கவில்லை. அதற்கப்புறம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், அந்தப் பக்கம் இந்தியர்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. "அப்ப இவருக்கு என்னா, ஏழெட்டு வயசு இருக்கும். ஒருத்தர் எடுக்கற முடிவு எல்லார் தலையிலயும் வுழுதுன்னு மனசுல பதிஞ்சிருக்கும்" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அதெல்லாம் ஒன்னும் இல்லடி. சோம்பேறித்தனம். வாயத் தொறந்து சொல்றதுக்கு சோம்பேறித்தனம்" என்றாள். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது நான் வேலை பார்க்கிற பெங்களூர் ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போனில் வாக்கெடுப்பு நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் என் விரல் படுவதற்கு முன்னால் காதில் "ஆ வோத்தே!" கேட்கிறது.

நான் கல்லூரியில் புவியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. எத்தியேன் அண்ணன் அப்போது பிரான்சில் துலூஸ் நகரத்தில் வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வந்தவர், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில், பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். விமானம் ஓட்டும் லைசென்ஸ். பெரிய விமானம் இல்லை. ஆறு பேர் உட்காருகிற, ஒரே எஞ்சின், கார் மாதிரி கதவைத் திறந்து ஏறுகிற சின்ன விமானம். அங்கே ஃபிளையிங் கிளப்பில் வாடகைக்குக் கிடைக்குமாம்.

நான் எகிறிக் குதித்தேன். செல்வம் அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "போட்டோல கொஞ்சம் பயந்தாப்புல இருக்கறியே மாப்ள" என்றார்.

"பப்பா" என்றார் எத்தியேன் அண்ணன். "ஏப்ரல்ல எல்லாரும் அங்க வர்றீங்க. நம்ம அஞ்சு பேரும் ஒரு பாலைவனத்துக்குப் பறக்கறோம். நான் ஓட்டறேன். எந்தப் பாலைவனம்னு நீங்க சொல்லுங்க."

மாமா ராணுவத்தில் இருந்தபோது பல வருஷங்கள் ஜிபூத்தியில் இருந்தவர். ஆப்பிரிக்கக் கரையில், பிரெஞ்சுப் படை முகாம் இருக்கிற பாலைவன நாடு. அங்கே என்ன பார்த்தீர்கள் என்றால் "வெயில்" என்பார். விடாமல் கேட்டால், "ஆடுங்க அட்டப்பெட்டி தின்னும்" என்பார். அதற்கு மேல் வராது. ஆனால் டீவியில் பாலைவனம் வந்துவிட்டால் மட்டும், வேறு யாராவது ரிமோட்டைப் பிடுங்கும்வரை சேனலை மாற்ற மாட்டார். மகன் இதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வைத்திருக்கிறார்.

"எல்லாருக்கும் எது வசதியோ..." என்று ஆரம்பித்தார் மாமா.

"எல்லாரையும் விடுங்க பப்பா. உங்களக் கேக்கறேன்."

மாமா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பிஸ்கட் டப்பா இருந்தது.

எத்தியேன் அண்ணன் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "உனக்குத் தெரியுமா," என்றார், "லைசென்ஸுக்கு எவ்வளவு படிச்சேன் தெரியுமா? ஆபீஸ் முடிஞ்சி, ஞாயித்துக்கெழம, மழ, குளிர். எதுக்கு? ஒரே ஒரு தடவ இந்த மனுஷன் வாயால 'இது வேணும்'னு கேக்கணும். அத நான் குடுக்கணும். இந்த டப்பாலேர்ந்து வர்ற ஊருக்கு நான் ஓட்ட மாட்டேன். சத்தியமா ஓட்ட மாட்டேன். அவரே சொன்னாப் போறோம். சொல்லலன்னா, ஏப்ரல்ல வந்து அங்க பார்க்ல வாக்கிங் போயிட்டு வரட்டும்."

சொன்னபடி செய்யக்கூடியவர். பிடிவாதத்தில் அத்தை ஜாடை.

ஆனாலும் மூன்று இடங்களை எழுதிக்கொடுத்தார். ஒன்று, மொரோக்கோவில் மெர்சூகா: ஆரஞ்சு நிற மணல்மேடுகள், அலை அலையாக. இரண்டு, ஸ்பெயினில் பார்தேனாஸ்: மணல் குறைவு, காற்றும் மழையும் அரித்துச் செதுக்கிய களிமண் குன்றுகள், மலையைத் தாண்டினால் வந்துவிடும், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். மூன்று, துனீசியாவில் தொசேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் வற்றிப்போன ஒரு பெரிய உப்பு ஏரி. அதற்கு மத்தியதரைக் கடலைத் தாண்ட வேண்டும். கோர்சிகா, சார்டினியா என்று தீவு தீவாக இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு, எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு. பட்டியல் மூன்றாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சேர்த்தார் என்று நினைக்கிறேன்.

நான் போகப்போவதில்லை. எனக்கு அங்கே சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. அதனால் என்ன? ஓட்டு இருக்கிறதே. இரண்டு நாள் தூங்காமல் செயற்கைக்கோள் படங்களைத் தோண்டி, மெர்சூகாவுக்காக லேப்டாப்பில் ஒரு பிரசாரமே தயார் செய்தேன். மணல்மேட்டின் நிழல் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. மேலிருந்து பார்த்தால் கத்தி விளிம்பு மாதிரி ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். அதை இவ்வளவு தாழ்வாகப் பறந்து பார்க்கச் சின்ன விமானத்தால்தான் முடியும். மூச்சு விடாமல் பேசினேன். சிசிலி அக்கா அந்த இடத்திலேயே என் கட்சிக்கு வந்துவிட்டாள்.

அத்தை கடைசிவரை கேட்டுவிட்டு, "அதுல பாத்ரூம் இருக்கா?" என்றாள்.

"ப்ளேன்ல இல்ல மம்மா. எறங்கித்தான்" என்றார் எத்தியேன் அண்ணன்.

"அப்ப எது கிட்டக்க இருக்கோ, எனக்கு அது."

"அக்கா எங்கயோ அங்கதான் நானும்" என்றார் செல்வம் அண்ணன். "வுழுந்தா ஒன்னா வுழுவோம்."

"தூ, வாயக் கழுவுடா."

சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு எல்லோருடைய எடையும் தெரிய வேண்டுமாம். எத்தியேன் அண்ணன் எடை பார்க்கிற மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்தார். மாமா ஏறி விறைப்பாக நின்று இறங்கினார். அத்தை கிட்டேயே வரவில்லை. "பொடவையோட பாக்கணுமா, பொடவைய கழிச்சிக்கலாமா?" என்று கேட்டாள். "அங்க என்னாத்த கட்டிக்கிட்டு வருவியோ அதோட பாரு" என்றாள் சிசிலி அக்கா. "அப்ப அங்க வந்தே பாத்துக்கறேன்" என்று அத்தை தப்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஓட்டு. மெர்சூகாவுக்குத் துவரை, பார்தேனாஸுக்கு மொச்சை, உப்பு ஏரிக்குக் கொண்டைக்கடலை. எத்தியேன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். "நான் போட மாட்டேன். அவர் போட்டா நான் போடறேன்." மாமா டப்பாவை எங்கள் பக்கம் தள்ளினார். நாங்கள் நான்கு பேர் போட்டோம். நான்கு "ஆ வோத்தே!"

மாமா டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார்.

"மெர்சூகா, ரெண்டு. பார்தேனாஸ், ரெண்டு. உப்பு ஏரி, பூஜ்யம்." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "ரெண்டாவது சுத்து. உப்பு ஏரி கெடையாது."

இரண்டாவது சுற்றிலும் அதே கதை. இரண்டு, இரண்டு. நான் செல்வம் அண்ணனைக் கண்ணாலேயே கெஞ்சிப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். எத்தியேன் அண்ணனும் பார்த்தார்.

மாமா வாசலைப் பார்த்தார்.

எங்கள் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் பூட்டு. மதிய வெயிலுக்கு முன்னாலேயே தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அப்போதுதான் வைத்திக்குப்பத்து அஞ்சலையம்மா மீன் கூடையோடு எங்கள் தெருவுக்குள் திரும்பினாள். சனிக்கிழமை தவறாமல் வருகிறவள். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"அஞ்சலை, ஒரு நிமிஷம் உள்ள வா. ஒரு ஓட்டு போடணும்."

"எலக்சன் வந்துட்ச்சா? ஒருத்தனும் வந்து ஒன்னும் குடுக்கலியே!"

"அது இல்ல. வீட்டு ஓட்டு."

அவள் கூடையைப் படியில் இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாமா ஒரு தேர்தல் அதிகாரிக்குரிய நேர்மையோடு, எந்தப் பக்கமும் சாயாமல், இரண்டு இடத்தையும் விளக்கினார். இது மணல்மேடு. இது களிமண் குன்று. இது தூரம். இது கிட்ட.

"மணலுக்கா?" என்றாள் அஞ்சலையம்மா. "மணலப் பாக்கவா ஏரோப்ளேன்ல போறீங்க? எங்க வூட்டு வாசல்ல மணலு, பாயில மணலு, சோத்துல மணலு. எங்க வூட்டாண்ட வாங்க, துட்டு இல்லாமயே காட்டறேன்."

செல்வம் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து தானே ஒரு துவரையும் ஒரு மொச்சையும் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "ஒன்ன போடு. ஒன்ன என்கிட்ட குடுத்துடு. யாருக்கும் காட்டாத."

அவள் இரண்டையும் பார்த்தாள். "சரி, யாருக்கோசரம் போறீங்க?"

"இவருக்காக" என்றார் சுவரோரத்திலிருந்து எத்தியேன் அண்ணன்.

"அப்ப ஐயா சொல்லட்டும். எதுன்றாரோ அதப் போட்டுட்டுப் போறேன்."

"நான் சொல்லக் கூடாது அஞ்சலை. நீயா பார்த்து..."

"எனக்கின்னா தெரியும்? நானா குந்திக்கினு போவப்போறேன்? சீக்கிரம் சொல்லு ஐயா. மீனு வெயில்ல கெடக்குது."

"உனக்கு எது தோணுதோ..."

"எனக்கு மீன விக்கணும்னு தோணுது."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். அஞ்சலையம்மா கையை நீட்டியபடியே நின்றாள். வெளியே ஒரு காகம் கூடையை நோக்கித் தத்தித் தத்தி வந்தது; நான் போய் விரட்டியிருக்க வேண்டும், என்னால் அசைய முடியவில்லை.

மாமா அவள் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு டப்பாவை. பிறகு மறுபடியும் அவள் உள்ளங்கையை.

"இதுல இருக்கற ரெண்டும் இல்ல" என்றார்.

"என்னாங்க?" என்றாள் அத்தை.

"எனக்கு அந்த உப்பு ஏரி."

முதலில் வாய் திறந்தது செல்வம் அண்ணன்தான். "மச்சான், அது மொதல் ரவுண்டுலயே டெபாசிட் காலி. பூஜ்யம்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"ரூல்ஸ்படி அது..."

"தெரியும் செல்வம். எனக்கு அதுதான் வேணும்."

எத்தியேன் அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "ஏன் பப்பா?" என்றார், சின்னப் பையன் குரலில்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களிடம் சொல்லவில்லை, மேசையிடம் சொன்னார். "ஜிபூத்தியில ஒரு உப்பு ஏரி இருக்கு. வெள்ளையா. நாங்க லாரியில போவோம். பின்னால கித்தான் போட்டு மூடியிருக்கும், புழுதிக்காக. ரோடு மேல ஏறி ஒரு எடத்துல திரும்பும். அங்க நிறுத்தி எறங்கிப் பார்த்தா ஏரி முழுசா தெரியுமாம். டிரைவர் சொல்லுவான். எனக்குக் கித்தான் ஓட்டை வழியா ஒரு வெளிச்சம் மட்டும் தெரியும். பளீர்னு. அடுத்த தடவ ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லணும்னு நெனைப்பேன். ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன்."

"சொல்லலியா?" என்றாள் அஞ்சலையம்மா.

"லாரி நெறைய ஆளுங்க. எல்லாருக்கும் முகாமுக்குப் போய்ச் சேர்ற அவசரம்."

"ஒரு வார்த்த சொன்னா நிறுத்தமாட்டானா? என்னா ஐயா நீ!" அவள் இரண்டு பருப்பையும் அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். "இந்தா, எனக்கு ஓட்டும் வேணாம் ஒன்னும் வேணாம். யக்கா, சங்கரா வேணுமா வேணாமா?"

அத்தை சங்கரா வாங்கினாள். பேரமே பேசவில்லை. அஞ்சலையம்மாவே சந்தேகப்பட்டு இன்னொரு மீனை எடுத்துப் போட்டாள்.

எத்தியேன் அண்ணன் அதற்குள் போனில் வரைபடத்தைத் திறந்து தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் என் மெர்சூகாவை அந்த நிமிஷமே மறந்து, உப்பு ஏரியை லேப்டாப்பில் தேட ஓடினேன். மேலிருந்து பார்த்தால் அது ஒரே வெள்ளை இல்லை; ஓரங்களில் ரோஸ், நடுவில் லேசான பச்சை, குறுக்கே ஒரு ஒற்றை ரோடு. "மாமா, பாருங்க, பாருங்க!" என்று நான் கத்த, அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்தார்.

"கடலத் தாண்டணும்ங்க" என்றாள் அத்தை, மீன் பாத்திரத்தோடு வந்து.

"ஆமா."

"ஒரே எஞ்சினு."

"ஆமா."

"உங்களுக்கு அது வேணுமா?"

"வேணும்."

அத்தை பாத்திரத்தோடு அங்கேயே நின்றாள். எத்தியேன் அண்ணன் ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு யார் எங்கே உட்காருவது என்று எழுத ஆரம்பித்தார். "மம்மா முன்னாடி" என்று முதல் பெயரை எழுதப்போனார். அது அந்த வீட்டில் ஓட்டுக்கே வராத சட்டம். வேனோ காரோ எதுவானாலும், பின்னால் உட்கார்ந்தால் அத்தைக்கு வாந்தி வரும்.

"இல்ல" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முன்சீட்டு எனக்கு."

அத்தையின் கையிலிருந்த பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்து மீன்தண்ணீர் தரையில் சொட்டியது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் வாயால இப்படி ஒரு வார்த்த வராதான்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் எங்களைப் பார்த்து. "வந்ததும் வந்துது, என் சீட்டையே புடுங்கிக்கிட்டு வருது பாரு!"

சிசிலி அக்கா சிரித்தாள். எத்தியேன் அண்ணன் பேனாவைப் பிடித்தபடி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விட்டுக்கொடுத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமா நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அத்தையின் முகத்தை நிதானமாகப் பார்த்து யோசித்தார்.

"எலுமிச்சம்பழம் எடுத்துக்கோ" என்றார். "வாந்திக்கு நல்லது."